வண்டி வானொலியில் இரைச்சல்: ஆட்டோ எலக்ட்ரீஷியன்களுக்கு ஒரு திறந்த மடல்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் பட்டறை நடத்தும் ஆட்டோ எலக்ட்ரீஷியன்களுக்கு,

வண்டியில் பொருத்திய வி.எச்.எஃப். கருவியில் கேட்கும் இரைச்சல் பெரும்பாலும் மூன்று வழிகளில்தான் உள்ளே வருகிறது. ஒன்று ஆன்டெனா, இன்னொன்று பேட்டரியிலிருந்து வரும் ஒயர், மூன்றாவது ஸ்பீக்கருக்கும் மைக்குக்கும் போகும் ஒயர்கள். எந்த வழியில் வருகிறது என்று தெரிந்துகொள்ளாமல் ரிச்சி தெருவிலிருந்து ஃபில்டர் வாங்கி வந்து பொருத்துவதில் பயனில்லை. ஆன்டெனா வழியாக வரும் இரைச்சலை மின்சார ஒயரில் போட்ட ஃபில்டர் எப்படித் தடுக்கும்? வாடிக்கையாளரின் பணம்தான் கரையும். ஆகவே முதல் வேலை வழியைக் கண்டுபிடிப்பது, அடுத்தது மூலத்தைக் கண்டுபிடிப்பது, அதன் பிறகே மருந்து. இந்த வரிசை மாறாமல் இருந்தால் பெரும்பாலான வண்டிகளில் புதிதாக எதுவும் வாங்காமலே வேலை முடிந்துவிடும்.

இப்படிப்பட்ட கருவியோடு பட்டறைக்கு வருபவர் பெரும்பாலும் அமெச்சூர் வானொலி உரிமம் பெற்றவர். இந்தியாவில் அமெச்சூர்களுக்கு ஒதுக்கப்பட்ட 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் பேசவும் கேட்கவும் உதவும் இருவழிக் கருவி அது. ஸ்கேன் பொத்தானை அழுத்தினால் சேனல் சேனலாகத் தாவிப் போய், பேச்சு கேட்கும் இடத்தில் நிற்கும். உரிமம் உள்ளவரிடம் வி.யு. என்று தொடங்கும் அழைப்புக்குறி இருக்கும். கேட்டால் தயங்காமல் சொல்வார். வானலைக் கருவியை உரிமமின்றி வைத்திருப்பதை 1933-ஆம் ஆண்டின் சட்டமே தடை செய்தது. போலீஸ் வயர்லெஸ்ஸைக் கேட்பதற்காக ஸ்கேனர் பொருத்தித் தரும்படி யாராவது வந்தால் அந்த வேலையை ஏற்காமல் விடுவதே சரி.

உரிமம் பெற்றவரின் வண்டிக்கு இத்தனை கவனம் தேவைப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது போர்ட் பிளேயரில் இருந்த பாரதி பிரசாத் என்ற அமெச்சூர் வானொலியாளரின் நிலையம் அந்தமானிலிருந்து வெளியுலகுக்குச் செய்தி அனுப்பியது. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்தின்போதும், 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரை கடந்தபோதும் செல்போன் கோபுரங்கள் பல செயலிழந்தன. அப்படிப்பட்ட நாளில் வண்டியிலிருக்கும் கருவிக்கு எட்டுவது தொலைவிலிருந்து வரும் மெலிந்த குரல். இன்ஜின் ஓடும்போது அந்தக் குரல் இரைச்சலில் அமிழ்ந்துபோனால் கருவி இருந்தும் இல்லாததுபோல்தான்.

வழியைக் கண்டுபிடிக்கும் சோதனைக்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். இன்ஜினை ஓடவிட்டு, இரைச்சல் தெளிவாகக் கேட்கும்போது, வானொலியின் வால்யூமை முழுவதும் குறைக்க வேண்டும். குறைத்த பிறகும் விசில் சத்தம் அதே அளவில் இருந்தால் அது வால்யூம் கட்டுப்பாட்டுக்குப் பிந்தைய பகுதியில் நுழைகிறது. ஸ்பீக்கர் ஒயரையும், தனி ஆம்ப்ளிஃபயர் இருந்தால் அதையும் பார்க்க வேண்டும். வால்யூமோடு சேர்ந்து இரைச்சலும் குறைந்தால் அதற்கு முன்னால் எங்கோ நுழைகிறது. இப்போது ஆன்டெனா கேபிளைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் 50 ஓம் டம்மி லோடு ஒன்றைத் திருகிக் கேட்க வேண்டும். இரைச்சல் மறைந்தால் அது ஆன்டெனா வழியாக வந்தது. மறையாவிட்டால் அடுத்த சோதனை: யு.பி.எஸ்.ஸில் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றை எடுத்து, கருவியின் பிளஸ், மைனஸ் இரண்டையும் வண்டியிலிருந்து பிரித்து அதில் கொடுக்க வேண்டும். அந்தச் சிறு பேட்டரியில் கேட்பது மட்டும் போதும். பேசுவதற்கு மைக் பொத்தானை அழுத்தக் கூடாது, அப்போது கருவி பத்து ஆம்பியர் வரை இழுக்கும். இரைச்சல் நின்றால் அது மின்சார ஒயர் வழியாக வந்தது.

இங்கே பலரும் தவறவிடும் நுட்பம் ஒன்று உண்டு. வேறு பேட்டரியில் ஓடும்போதும் கருவியின் இரும்புச் சட்டம் டாஷ்போர்டில் திருகப்பட்டிருந்தால், அல்லது ஆன்டெனா கேபிளின் வலைக்கம்பி கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தால், வண்டியின் பாடி எர்த் கருவிக்குள் வந்துகொண்டேதான் இருக்கும். அதனால் இந்தச் சோதனையின்போது கருவியைச் சட்டத்திலிருந்து கழற்றி இருக்கையின் மேல் வைக்க வேண்டும்; ஆன்டெனாவும் இணைப்பில் இருக்கக் கூடாது. அப்படிச் செய்யாமல் கிடைக்கும் முடிவை நம்ப முடியாது.

வழி தெரிந்த பிறகு மூலத்தைத் தேட வேண்டும். இதற்குச் சாவியும் காதும் போதும். சாவி முற்றிலும் அணைந்த நிலையில் ஒருமுறை, ஆக்சஸரி நிலையில் ஒருமுறை, இன்ஜின் ஓடாமல் இக்னிஷன் மட்டும் போட்டு ஒருமுறை, பிறகு ஐடிலிங்கில், பிறகு ஆக்சிலேட்டரை மெதுவாக மிதித்து ஒருமுறை கேட்க வேண்டும். சத்தம் எந்தப் படியில் தொடங்குகிறது, இன்ஜின் வேகத்தோடு மாறுகிறதா இல்லையா என்ற இரண்டு விவரங்களும் தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும். வேகத்தோடு மாறாத ரீங்காரம் பெரும்பாலும் ஃபியூயல் பம்ப், ஏ.சி. புளோயர், ரேடியேட்டர் ஃபேன், வைப்பர் மோட்டார் ஆகியவற்றில் ஒன்றிலிருந்து வரும். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். ஏர்பேக்கின் ஃபியூஸை மட்டும் தொடாமல் விட வேண்டும்.

ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சுருதி ஏறும் விசில், பட்டறைகளில் டைனமோ என்று சொல்லப்படும் ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. அதன் சுருதியைக் கணக்கிடவே முடியும். பொதுவாக வரும் 12 முனை ஆல்டர்னேட்டரில் ரோட்டர் ஒருமுறை சுற்றும்போது மூன்று ஃபேஸும் ஆறு டயோடும் சேர்ந்து 36 சிற்றலைகளை உண்டாக்கும். இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்றில் ஓடி, புல்லி விகிதம் இரண்டரையாக இருந்தால் ரோட்டர் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றும். விநாடிக்குச் சுமார் 33 சுற்று. அதை 36-ஆல் பெருக்கினால் 1,200 ஹெர்ட்ஸ். மனிதக் குரல் தெளிவாகக் கேட்க வேண்டிய இடத்தின் நடுவிலேயே அது விழுகிறது. அதனால்தான் மற்ற இரைச்சல்களைவிட இது காதை அதிகம் உறுத்துகிறது. இன்ஜின் 2,000 சுற்றுக்குப் போனால் விசில் 3,000 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும்.

நல்ல ஆல்டர்னேட்டரிலும் சிறிய சிற்றலை இருக்கும். மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, ஹெட்லைட்டும் புளோயரும் போட்டுவிட்டு, பேட்டரி முனைகளில் அளந்தால் 0.1 வோல்ட்டுக்குள் இருப்பது நல்லது. 0.5 வோல்ட்டைத் தாண்டினால் டயோடு ஒன்று போயிருக்கிறது என்றே கொள்ளலாம். அந்த நிலையில் விசிலோடு கூடவே தாழ்ந்த உறுமலும் கேட்கும். மேலே சொன்ன வேகத்தில் அந்த உறுமல் 200 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். டயோடு போன ஆல்டர்னேட்டருக்கு ஃபில்டர் போட்டு அனுப்புவது வாடிக்கையாளருக்குச் செய்யும் தீங்கு. சார்ஜிங் குறைந்து, ஒருநாள் வெளிவட்டச் சாலையின் நடுவில் வண்டி நின்றுவிடும். டயோடு பிளேட்டை மாற்றினால் இரைச்சலும் போகும், பேட்டரியும் பிழைக்கும்.

டயோடுகள் நன்றாக இருந்தும் விசில் வந்தால், கருவிக்கு மின்சாரம் எங்கிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மியூசிக் சிஸ்டத்தின் ஒயரிலிருந்தோ சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்தோ எடுத்திருந்தால் பழுதின் காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது. பேட்டரியிலிருந்து நேராகத் தனி ஒயர் இழுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போட வேண்டும். பெரிய பேட்டரியே சிற்றலையை விழுங்கும் சிறந்த ஃபில்டர். மைனஸ் விஷயத்தில் இப்போதைய வண்டிகளில் எச்சரிக்கை வேண்டும். பேட்டரியின் மைனஸ் முனையில் மின்னோட்டத்தை அளக்கும் சென்சார் இருந்தால் கருவியின் மைனஸ் ஒயரை முனையில் கொடுக்கக் கூடாது. பேட்டரியின் எர்த் ஒயர் பாடியைத் தொடும் போல்ட்டில் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சார்ஜிங் கணக்கு தவறிப்போகும்.

எர்த் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்த வட்டாரத்து வண்டிகளில் பாதிப் பழுது அதில்தான். கருவிக்கு எர்த் மூன்று இடங்களில் கிடைக்கிறது: மைனஸ் ஒயர், திருகிய சட்டம், ஆன்டெனா கேபிளின் வலைக்கம்பி. மைனஸ் ஒயரின் லக் துருப்பிடித்திருந்தால் மின்னோட்டம் மற்ற இரண்டு வழிகளிலும் திரும்பும். அப்படித் திரும்பும்போது வண்டியின் பிற கருவிகள் விட்ட மின்னோட்டமும் ஆன்டெனா கேபிளின் உறை வழியாகவே கருவிக்குள் ஓடும். மைக் பொத்தானை அழுத்திப் பேசும்போது எதிர்முனையில் இருப்பவர், குரலுக்குப் பின்னால் விசில் கேட்பதாகச் சொன்னால் பெரும்பாலும் காரணம் இதுவே. கருவி பேசும்போது அதன் மைனஸ் ஒயர் முனைக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே டி.சி. வோல்ட்டில் அளந்தால் 0.1 வோல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேல் காட்டினால் லக்கைக் கழற்றி, பெயின்ட்டையும் துருவையும் உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து, நட்சத்திர வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவ வேண்டும். ஆவடி, திருமுல்லைவாயில், அம்பத்தூர் பகுதிகளில் வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் தேங்கிய தெருக்களில் ஓடிய வண்டிகளுக்கு ஒவ்வொரு தை மாதமும் இதைச் செய்துவிடுவது நல்லது.

வேகத்தோடு சேர்ந்து விரையும் டிக் டிக் சத்தம் பிளக்கின் பொறியிலிருந்து வருவது. நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினில் நிமிடத்துக்கு 900 சுற்றில் விநாடிக்கு 30 பொறி. 3,000 சுற்றில் 100 பொறி. முதலில் தனித்தனி டிக்காகவும் பிறகு ரம்பம் அறுப்பது போலவும் கேட்பது இதனால்தான். எல்.பி.ஜி., சி.என்.ஜி. ஆட்டோக்களிலும் பொறி உண்டு என்பதால் இதே கதைதான். பிளக் எண்ணில் ஆர் என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது உள்ளே சுமார் 5 கிலோ ஓம் தடை இருப்பதைக் குறிக்கும். பி.பி. 6 இ.எஸ். பிளக்குக்கும் பி.பி.ஆர். 6 இ.எஸ். பிளக்குக்கும் வானொலியைப் பொறுத்தவரை அந்த ஓர் எழுத்துதான் வேறுபாடு. மலிவாகக் கிடைத்தது என்று தடை இல்லாத பிளக்கைப் போட்டால் பக்கத்து வண்டியின் வானொலியும் சேர்ந்து கெடும். விரிசல் விட்ட பிளக் கேபிளையும் காயில் மூடியையும் இருட்டில் பார்த்தால் நீல ஒளி கசிவது தெரியும். டீசல் வண்டியில் பொறி இல்லை என்றாலும், காமன் ரெயில் இன்ஜெக்டர்களைத் திறக்கும் மின்துடிப்பு அதே டிக் டிக்கைத் தரக்கூடும்.

எஃப்.எம். முறையில் வேலை செய்யும் கருவி, அலையின் உயரத்தில் வரும் மாற்றத்தை வெட்டிவிடும். அதனால் பக்கத்து நிலையம் பலமாக வரும்போது பொறி இரைச்சல் காதுக்கே வராது. வாடிக்கையாளரும் கருவி நன்றாக இருப்பதாகவே நினைப்பார். ஆனால் தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரல் மட்டும் காணாமல் போயிருக்கும். எனவே சோதனையைப் பலமான நிலையத்தில் செய்யக் கூடாது. கேட்டும் கேட்காததுமாக வரும் ஒரு நிலையத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு இன்ஜினை அணைத்தும் ஓட்டியும் பார்ப்பதே உண்மையான சோதனை.

இன்றைய வண்டிகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இன்ஜினைக்கூட அல்ல. லைட்டர் சாக்கெட்டில் செருகிய யு.எஸ்.பி. சார்ஜரை. 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்க அது விநாடிக்குப் பல லட்சம் முறை மின்சாரத்தைத் துண்டித்துத் துண்டித்துக் கொடுக்கிறது. மலிவான சார்ஜர்களில் அந்தத் துண்டிப்பு உண்டாக்கும் அலைகளைத் தடுக்கும் பாகங்கள் இருப்பதில்லை. டேஷ்கேம், பிறகு மாற்றிப் போட்ட எல்.இ.டி. ஹெட்லைட், ரிவர்ஸ் கேமரா எல்லாம் இதே இனம். தொழிற்சாலையிலிருந்து வரும் வண்டி மின்காந்தத் தொந்தரவுக்கான ஏ.ஐ.எஸ். 004 தரச் சோதனையைக் கடந்து வருகிறது. பிறகு கடையில் வாங்கிச் சேர்த்தவை அந்தச் சோதனையில் இருந்தவை அல்ல. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகிக் கேட்பதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. இதைச் செய்யாமல் ஹார்னஸைப் பிரிக்கத் தொடங்குவது வீண் உழைப்பு.

ஸ்கேன் ஓடும்போது ஒரே எண்ணில் போய் நின்று, பேச்சு எதுவும் இல்லாமல் மௌனமாகவோ முனகலாகவோ இருந்தால் அதுவும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். மைக்ரோகன்ட்ரோலர் உள்ள கருவிகளில் 12, 16, 24 மெகாஹெர்ட்ஸ் படிகங்கள் சாதாரணம். 12-ஐப் பன்னிரண்டால், 16-ஐ ஒன்பதால், 24-ஐ ஆறால் பெருக்கினால் மூன்றும் சரியாக 144 மெகாஹெர்ட்ஸில் வந்து சேரும். கருவியில் பழுது இல்லை; வண்டிக்குள் இருக்கும் ஏதோ ஒரு பெட்டி அந்த அலையை வெளியிடுகிறது. அதைக் கண்டுபிடித்து ஆன்டெனாவிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். முடியாவிட்டால் அந்த எண்ணை மட்டும் ஸ்கேன் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

வாடகை வண்டிகளில் இன்னொன்று உண்டு. பொதுப் போக்குவரத்து வாகனங்களுக்கென்று வந்த ஏ.ஐ.எஸ். 140 தரத்து ஜி.பி.எஸ். டிராக்கரில் சிம் கார்டு இருக்கிறது. அது 2ஜி முறையில் தகவல் அனுப்பும்போது விநாடிக்கு 217 முறை துடிக்கும். ஸ்பீக்கரில் விட்டுவிட்டு வரும் அந்தத் தட்-தட்-தட் சத்தம் சாவியின் நிலைக்கோ இன்ஜினுக்கோ கட்டுப்படாது. டிராக்கரைக் கழற்றக் கூடாது. ஸ்பீக்கர் ஒயரையும் மைக் ஒயரையும் அதிலிருந்து விலக்கிக் கொண்டுபோய் ஃபெரைட் மாட்டினால் போதும்.

ஃபெரைட் விஷயத்திலும் ஒரு விவரம் தெரிய வேண்டும். ஒரே வளையத்தில் ஒயரை மூன்று முறை சுற்றினால் தடுப்புத் திறன் மூன்று மடங்கல்ல, சுமார் ஒன்பது மடங்கு உயரும். ஆனால் 145 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர் அலையில் சுற்றுகளுக்கு இடையிலேயே மின்சாரம் தாவிவிடுவதால் அதிகச் சுற்று பயன் தராது. இரண்டு மூன்று வளையங்களை அடுத்தடுத்து மாட்டுவதே மேல். 43, 31 என்று எண்ணிட்ட ரகங்கள் இந்த வேலைக்கு ஏற்றவை. வளையத்தை மாட்ட வேண்டிய இடம் இரைச்சலை உண்டாக்கும் கருவியின் பக்கம், வானொலியின் பக்கம் அல்ல. ஆல்டர்னேட்டர் விசிலுக்கு ஃபெரைட் வளையம் எதுவும் செய்யாது. அதற்கு வேண்டியது மின்சார ஒயரில் தொடராக வரும் கனத்த சோக்கும் அதன் பின்னால் ஒரு பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரும். கருவி பேசும்போது இழுக்கும் ஆம்பியரைத் தாங்கும் சோக்காக அது இருக்க வேண்டும்.

ஆன்டெனா வழியாக வருவதைக் குறைக்க அதன் இடத்தை மாற்றுவதே முதல் மருந்து. பானட் ஓரத்தில் வைத்த ஆன்டெனா பொறிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதைக் கூரையின் நடுவுக்குக் கொண்டுபோனால் இரைச்சல் குறையும், நிலையங்களும் தெளிவாக வரும். 145 மெகாஹெர்ட்ஸில் கால் அலை ஆன்டெனாவின் நீளம் அரை மீட்டர் அளவுதான். அதற்குக் கீழே அகன்ற இரும்புத் தகடு வேண்டும். ரெக்சின் கூரை உள்ள ஆட்டோவில் அந்தத் தகடு இல்லை. காந்தத்தை முன்கம்பியில் ஒட்டவைத்தால் கேபிள் உறையே ஆன்டெனாவாக மாறி இன்ஜின் இரைச்சலை எல்லாம் வாரிக்கொண்டு வரும். ஆட்டோவுக்குத் தரைத்தகடு தேவைப்படாத அரை அலை ஆன்டெனாவைப் பரிந்துரைப்பதே சரி. பானட்டும் சைலன்ஸர் குழாயும் பாடியோடு சரியாக இணைந்திராவிட்டால் அவையும் இரைச்சலைப் பரப்பும். வலைப்பட்டை ஒன்றைக் குட்டையாகப் போட்டு பாடியோடு இணைக்க வேண்டும். மழைக்காலத்துக்குப் பிறகு கேபிள் கனெக்டரைத் திறந்து பார்த்து, உள்ளே பச்சை படிந்திருந்தால் அந்த நீளத்தை வெட்டி எறிந்துவிட்டுப் புதிய கனெக்டர் போட வேண்டும்.

இத்தனையும் செய்த பிறகும் மிஞ்சும் இரைச்சல் வண்டிக்கு வெளியிலிருந்து வருவதாக இருக்கலாம். இன்ஜினையும் சாவியையும் அணைத்த பிறகும் கேட்டால், இடம் மாற மாறக் கூடிக் குறைந்தால், வண்டியைப் பிரிப்பதை நிறுத்திவிட வேண்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெல்டிங் மெஷின்களும் மோட்டார் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் பகலெல்லாம் இரைகின்றன. அங்குள்ள பட்டறைகள் கடைசிச் சோதனையை மதிய இடைவேளையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ செய்வது நல்லது. அம்பத்தூர், ஆவடி வழியாகப் போகும் ரயில் பாதைக்குமேல் 25,000 வோல்ட் கம்பி ஓடுகிறது. ரயில் கடக்கும்போது மட்டும் எழுந்து அடங்கும் கரகரப்பு அதன் பொறி. ஆவடியில் அகில இந்திய வானொலியின் ஒலிபரப்பு வளாகமும் இருக்கிறது. சக்தி மிகுந்த மத்திய அலை ஒலிபரப்பிக்கு மிக அருகில் வண்டி நின்றால், எந்தச் சேனலை வைத்தாலும் பாட்டோ செய்தியோ பின்னணியில் கேட்கக்கூடும். அது ஸ்பீக்கர், மைக் ஒயர்கள் பிடித்துக் கொடுப்பது; ஒயரைச் சுருக்கி, 31 ரக ஃபெரைட்டில் பல சுற்று சுற்றினால் அடங்கும்.

மின்கம்பத்திலிருந்து வரும் இரைச்சல் 100 ஹெர்ட்ஸ் அளவில் கரகரவென்று ஒரே சீராக இருக்கும். தளர்ந்த கிளாம்பிலோ விரிசல் விட்ட இன்சுலேட்டரிலோ பொறி தாவுவதால் உண்டாவது அது. வறண்ட நாளில் கூடும், நல்ல மழை பெய்ததும் பெரும்பாலும் நின்றுவிடும். தெருவில் மெதுவாக ஓட்டிப் போனால் எந்தக் கம்பத்தருகே உச்சமாகிறது என்று தெரியும். கம்பத்தை உதைத்தோ கம்பியை ஆட்டியோ சோதிப்பது உயிருக்கு ஆபத்து. கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணையும் தெருப் பெயரையும் குறித்துக்கொண்டு மின்வாரியத்தின் மின்னகம் சேவையில், 94987 94987 என்ற எண்ணில், புகார் தரும்படி வாடிக்கையாளரிடம் சொல்லலாம். வானொலி இரைச்சல் என்று மட்டும் சொல்வதைவிட, அந்தக் கம்பத்தில் தீப்பொறி இருப்பதாகச் சந்தேகம் என்று சொன்னால் லைன்மேன் எதைப் பார்க்க வேண்டும் என்பது தெளிவாகும்.